கப்பலில் அழுதுகொண்டே அமெரிக்கா போன இசைமேதை: சைக்கோவ்ஸ்கியின் 1891 பயணம்

நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஒருமுறையாவது மேடையேறிவிட வேண்டும் என்பது இன்றும் பல இசைக் கலைஞர்களின் கனவு. ஆனால் அந்த அரங்கின் திறப்பு விழாவுக்கே அழைக்கப்பட்டவர், எப்போது வீடு திரும்புவோம் என்று ஏங்கியபடிதான் போய்ச் சேர்ந்தார். அவர்தான் 'ஸ்வான் லேக்' பாலேவுக்கு இசையமைத்த ரஷ்யாவின் பியோத்தர் சைக்கோவ்ஸ்கி.

அவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போனார்?

காரணம் பணம்தான். நதேஷ்தா வான் மெக் என்ற பணக்காரப் பெண்மணி, அவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபிள் கொடுத்து வந்தார். 1890-ல் அந்த உதவி திடீரென நின்றுபோனது. சில மாதங்களில் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது, சம்பளம் 2,500 டாலர். சரி என்று சொல்லி, முன்பணமும் வாங்கிவிட்டார்.

1891 ஏப்ரலில் பாரிஸில் கச்சேரியை முடித்துவிட்டு, கப்பல் ஏறும் நாள் வரை பிரான்ஸின் ரூவான் நகரில் தங்கினார். 'நட்கிராக்கர்' பாலேவுக்கு இசை எழுதும் வேலை பாக்கி இருந்தது. அந்த நேரத்தில்தான் ரஷ்யாவில் அவரது தங்கை அலெக்ஸாண்ட்ரா இறந்துபோனார். வீட்டில் எல்லோருக்கும் அவர் சாஷா. பாரிஸில் இருந்த தம்பி மொடெஸ்டுக்குத் தந்தி வந்தது. அண்ணனிடம் சொல்ல அவர் ரூவானுக்கே போனார். ஆனால் நேரில் பார்த்ததும் வாய் வரவில்லை. இப்போது சொன்னால் பயணமே நின்றுவிடும் என்ற யோசனை வேறு. எதுவும் சொல்லாமலே திரும்பிவிட்டார்.

ஆனால் அதே நாட்களில் சைக்கோவ்ஸ்கியும் பாரிஸுக்கு வந்தார். ஒரு வாசகசாலையில் ரஷ்யப் பத்திரிகையைப் புரட்டியபோது, கடைசிப் பக்கத்தில் தங்கையின் மரணச் செய்தி! அங்கிருந்து எழுந்து ஓடியே போய்விட்டார். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தார். ஆனால் போனால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஏப்ரல் 18 அன்று, லே ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து 'லா பிரெட்டான்' கப்பலில் கிளம்பினார்.

முதல் நாளே அதிர்ச்சி. பயணி ஒருவர் கடலில் குதித்துவிட்டார். படகுகளை இறக்கித் தேடியும் கிடைக்கவில்லை. அவர் விட்டுப்போன கடிதம் ஜெர்மன் மொழியில் இருந்தது. கிறுக்கலான அந்தக் கையெழுத்தை முதலில் படித்துப் புரிந்துகொண்டவர் சைக்கோவ்ஸ்கிதான். தங்கையைப் பறிகொடுத்த சோகத்தில் இருந்த மனிதருக்கு இப்படி ஒரு வேலை! பிறகு அறையில் வைத்திருந்த 460 பிராங்க் பணமும் திருடு போனது. புயலில் கப்பல் ஆடிய இரவுகளில் பயந்து நடுங்கினார். நியூஃபவுண்ட்லாந்து பக்கம் பனிமூட்டம், விடாமல் அலறும் சங்கு. தனியாக உட்கார்ந்து அழுததை டைரியிலும் கடிதங்களிலும் மறைக்காமல் எழுதினார்.

ஏப்ரல் 26-ல் நியூயார்க். வரவேற்றவர்கள் ஹோட்டலில் விட்டுவிட்டுப் போனதும் மறுபடி ஒரு அழுகை. அப்புறம் குளித்து, உடை மாற்றி, பிராட்வே தெருவில் உலாவப் போனார். ஹோட்டல் அறையிலேயே சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டும் குழாயில் வந்தது அவருக்குப் பெரிய ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், ஐரோப்பாவில் இருப்பதைவிட இங்கே தன் இசைக்கு ரசிகர்கள் அதிகம் என்பது.

மே 5-ல் திறப்பு விழா. தன் 'மார்ச்' இசையை அவரே மேடையில் நின்று நடத்தினார். கைதட்டல் அள்ளியது. ஆனால் ஒரு பத்திரிகை அவருக்கு வயது 60 இருக்கும் என்று எழுதிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு 51-வது பிறந்தநாள்! இசையை விட்டுவிட்டு ஆளைப் பற்றி ஏன் எழுதுகிறார்கள் என்று மனசு நொந்துபோனார். (இன்றைக்கு சோஷியல் மீடியாவைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!)

அரங்கைக் கட்டப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி வீட்டில் ஒருநாள் விருந்து. சைக்கோவ்ஸ்கி மேடையில் இசைக்குழுவை எப்படி நடத்துவார் என்று கார்னகி அப்படியே நடித்துக் காட்ட, சைக்கோவ்ஸ்கிக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

பால்டிமோர், பிலடெல்பியா கச்சேரிகள், நயாகரா எல்லாம் முடித்து மே 21-ல் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார்.

சில மாதங்களிலேயே மறுபடி அழைப்பு வந்தது. 20 கச்சேரி, 4,000 டாலர். ஒரு கச்சேரிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், முதல் தடவை கிடைத்ததில் பாதிகூட இல்லை. சைக்கோவ்ஸ்கி அனுப்பிய பதில் தந்தியில் முடியாது என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் தன் பெயர். அவ்வளவுதான். 1893 நவம்பரில் இறக்கும்வரை அவர் அமெரிக்கா பக்கம் போகவே இல்லை.