வாசனையில்லாத எமனைப் பிடித்தவர்

எங்க வாலாஜாபேட்டை பக்கம் டேனரி நாத்தம் எல்லாருக்கும் தெரியும். ஆனா காத்தோட்டம் இல்லாத பாய்லர் ரூம்ல உருவாகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுசா எரிய சுமார் 10 கன மீட்டர் காற்று வேணும். அது குறைஞ்சா இந்த விஷம் வரும்.

இதோட குணத்தை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன், 1860-ல் எடின்பரோவில் பிறந்தவர். இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தையே சோதித்து, 1895-ல் முடிவுகளை வெளியிட்டார். (லேப்ல கண்ணாடி போடவே நமக்கு அலுப்பு!) 1896-ல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து. இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, இந்த வாயுதான் என்று கண்டார். சுரங்கத்துக்குள் எலி, சின்னப் பறவை கொண்டுபோகச் சொன்னார். மனுஷனுக்கு முன்னாடியே அது துவண்டுடும்.

1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அந்தப் பறவையின் வேலையை இப்போ பாய்லர் ரூம் சுவரில் மாட்டுற டிடெக்டர் பார்க்குது. ஜன்னலை மட்டும் நாமதான் திறந்து வைக்கணும்.