உபரி இருந்தும் வறுமை: கணக்குக் கேட்ட தாதாபாய் நவ்ரோஜி

வாங்குவதைவிட அதிகமாக விற்கும் நாடு லாபத்தில் இருக்கிறது. குறைவாக விற்கும் நாட்டை யாரோ ஏமாற்றுகிறார்கள். இறக்குமதி வரி பற்றிய இன்றைய சண்டைகளில் இந்த எண்ணம் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா ஆண்டுதோறும் வாங்கியதைவிட அதிகமாகவே விற்றது. பருத்தி, சணல், அரிசி, தேயிலை, அபினி எனக் கப்பல் கப்பலாகச் சரக்கு வெளியேறியது. அதே காலத்தில் மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். இந்தப் புதிரை விடுவிக்கத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் தாதாபாய் நவ்ரோஜி.

1825இல் ஏழைப் பார்சி புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்தான் அவரைப் படிக்க வைத்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் மாணவராக இருந்தவர், அங்கேயே கணிதப் பேராசிரியரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1855இல் அதை விட்டுவிட்டு, காமா நிறுவனத்தின் பங்காளியாக லண்டனுக்குக் கப்பலேறினார். அபினியிலும் மதுவிலும் வரும் லாபம் தமக்கு வேண்டாம் என்று அதிலிருந்து விலகி, 1859இல் சொந்தமாகப் பருத்தி வணிகம் தொடங்கினார். சரக்கு எப்படிப் போகிறது, பணம் எப்படி வருகிறது என்பதை அவர் நேரில் கண்டது இங்கேதான்.

அவர் கண்டது இதுதான். லண்டன் வணிகர் ஒருவர் இந்தியப் பருத்தி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான பவுண்டுகளை அவர் இந்தியாவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. லண்டனிலேயே இந்திய விவகார அமைச்சரிடம் செலுத்தி, கவுன்சில் பில் எனப்பட்ட பணச்சீட்டைப் பெற்றுக்கொள்வார். அந்தச் சீட்டை இந்தியாவில் கொடுத்தால் அரசுக் கருவூலம் ரூபாய் தரும். அந்த ரூபாய் விவசாயி கட்டிய வரிப்பணம். ஆக, விவசாயி விளைவித்த பருத்திக்கு அவர் கட்டிய வரியிலிருந்தே விலை கொடுக்கப்பட்டது! லண்டனில் செலுத்தப்பட்ட பவுண்டுகளோ, பணிமுடித்துத் திரும்பிய ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியம், கடன் வட்டி, ரயில்வே முதலீட்டாளர்களுக்கு உறுதியளிக்கப்பட்ட 5 விழுக்காட்டு வருமானம் போன்றவற்றுக்குச் செலவாயின. ஏட்டில் உபரி இருந்தது. நாட்டுக்குள் அதற்கு ஈடாக வர வேண்டியதில் பெரும்பகுதி வரவில்லை. இதற்கு அவர் வைத்த பெயர் செல்வ வடிகால்.

1876இல் இந்தியாவின் வறுமை பற்றி அவர் படித்த கட்டுரையில் வேறொரு கணக்கும் இருந்தது. ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே காட்டினார். அது போதுமா? இந்தக் கேள்விக்கு அவர் இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, சிறைக் கைதிகளுக்கு அரசு செய்த செலவு. மற்றொன்று, கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளுக்குப் பயணத்தின்போது தேவை என்று அரசு மருத்துவ அதிகாரி வகுத்த உணவுப் பட்டியல். கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்த நாம் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிட முடியாது. சுதந்திரமாக இருந்த சராசரி இந்தியருக்குக் கைதிக்குக் கிடைத்த அளவுகூடக் கிடைக்கவில்லை என்று அவர் கணக்கு காட்டியது.

வரியிலும் நியாயம் இல்லை. லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலால் 1882க்குள் பருத்தித் துணிக்கான இறக்குமதி வரி இந்தியாவில் நீக்கப்பட்டது. பின்னர் வருவாய்க்காக அதை மீண்டும் விதித்தபோது, 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 விழுக்காடு என்றானது. தன் தொழிலுக்கே எதிராக இப்படி வரி போடும் நாடு வேறு எங்காவது உண்டா? நவ்ரோஜி வரிச்சுவரை விரும்பியவர் அல்லர். தடையற்ற வணிகத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் தன் வரியைத் தானே முடிவு செய்ய முடியாத நாட்டுக்கு அது போட்டியே ஆகாது என்பது அவர் வாதம்.

லண்டனுக்குப் போன பணம் முழுவதையும் சுரண்டல் என்று சொல்லிவிட முடியாது. ரயில் பாதைகளும் குறைந்த வட்டிக் கடனும் கிடைத்ததைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். வடிகாலின் அளவு பற்றிய விவாதம் இன்னும் தொடர்கிறது. அதைவிட வலுவானதாக எனக்குப் படுவது அவருடைய இன்னொரு கேள்வி: செலவை முடிவு செய்தவர் யார், கட்டியவர் யார்?

அந்தக் கேள்வியை எழுப்ப அவர் நாடாளுமன்றத்துக்கே போனார். கறுப்பரை ஆங்கிலேயர் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று பிரதமர் சாலிஸ்பரி பேசியிருந்த நிலையில், 1892இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1895இல் தோற்றார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட, இந்தியச் செலவினங்களை ஆராயும் அரச ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார், சாட்சியமும் அளித்தார். பெரும்பான்மையினரின் அறிக்கையை ஏற்காமல், வேறு இருவருடன் சேர்ந்து தனி அறிக்கை தந்தார். 1901இல் அவருடைய கணக்குகள் பெரிய நூலாக வெளிவந்தன.

1906இல், 81 வயதில், கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். குரல் தளர்ந்திருந்ததால் அவருடைய உரையை கோகலே வாசித்தார். வரி விதிப்பதும் அந்த வரியைச் செலவிடுவதும் இந்திய மக்களின் பிரதிநிதிகள் கையில் இருக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்.