பாக்குக் கிடங்கில் பிறந்த சரித்திரம்
ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்த நாட்குறிப்பு

புதுச்சேரி பெரிய கடைத்தெருவின் அருகே ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. அந்த வீதியில் ஒரு பழைய மாளிகை. பாதி தமிழர் வீடு. பாதி பிரெஞ்சுக்காரர் வீடு. அப்படிக் கலந்து கட்டிய வீடு அது.

அந்த வீட்டின் சொந்தக்காரர் 1761-ல் இறந்து போனார். அவர் எழுதிய கணக்குப் புத்தகம் போன்ற பெரிய பெரிய ஏடுகள் அவருடைய குடும்பத்தாரிடம் கிடந்தன. எண்பத்தைந்து ஆண்டு காலம் வெளியார் யாரும் அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை.

1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். படித்துப் பார்த்தவர் திகைத்துப் போனார். கணக்கு அல்ல அது. ஒரு மனிதர் இருபத்தைந்து ஆண்டுகள் தம் கைப்பட எழுதி வைத்த நாட்குறிப்பு!

அந்த மனிதர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

மாமனுக்கு நேர்ந்த கதி

ரங்கப்பிள்ளை 1709-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி சென்னை பெரம்பூரில் பிறந்தார். தந்தை பெயர் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு நிற்காது. கும்பெனிக்குத் துணி வாங்கித் தர வேண்டும். ராஜாக்களிடம் தூது பேச வேண்டும். ஊர் வழக்குகளையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் ஆள் அவர்தான்.

பெரிய உத்தியோகம். ஆனால் துரையின் தயவு போனால் எல்லாம் போயிற்று.

நைனியப்ப பிள்ளைக்கு அதுதான் நடந்தது. கவர்னர் ஏபேர் அவர்மீது குற்றம் சாட்டினார். சவுக்கடி கொடுத்துச் சிறையில் போட்டார்கள். சொத்தும் பறிபோயிற்று. 1717-ல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறிப் பிரான்சு தேசம் வரை போய் முறையிட்டு நியாயம் பெற்றார். ஆனாலும் போன உயிர் போனதுதான்.

அப்போது ரங்கப்பிள்ளை எட்டு வயதுச் சிறுவர்.

ரகசிய ஏடு

வளர்ந்ததும் அவரும் கும்பெனி உத்தியோகத்துக்கே வந்தார். பரங்கிப்பேட்டை பண்டகசாலையைப் பார்த்துக் கொண்டார். சொந்த வியாபாரமும் செழித்தது. ஆனந்தப் புரவி என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார்! புதுச்சேரியில் அவருக்குப் பாக்குக் கிடங்கு இருந்தது. அங்கேதான் உட்காருவார். வியாபாரிகள் வருவார்கள். ஒற்றர்கள் வருவார்கள். ஊர் வம்பும் வரும்.

1736 செப்டம்பர் 6-ந் தேதி எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கிற்று, துணி என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார் என்று ஒன்றையும் விடவில்லை. தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே போடுவார். நடையும் பண்டிதர் நடை அல்ல. பேசுகிறபடியே எழுதினார்.

1742-ல் டூப்ளே கவர்னராக வந்தார். 1746-ல் அப்போதைய துபாஷி கனகராய முதலியார் இறந்தார். அந்த இடம் ரங்கப்பிள்ளைக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. கவர்னரின் மனைவி ழான் அம்மாளுக்கு அவரைப் பிடிக்காது. அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். அவரை எதிர்த்து நேரில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பகலில் கைகட்டி நிற்பார் ரங்கப்பிள்ளை. சொல்ல முடியாததை எல்லாம் ஏட்டில் எழுதுவார். அந்த ஏடு துரை கையில் அகப்பட்டிருந்தால் மாமன் கதிதான்!

1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, ஊர் நடுவே இருந்த வேதபுரீசுவரன் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். ஊரில் முதல் தமிழர் ரங்கப்பிள்ளை. அவரால் தடுக்க முடியவில்லை. உத்தியோகத்தை உதறவும் இல்லை. நடந்ததை எழுதி வைத்தார். அவரைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. குறை சொல்வதற்கு வேண்டிய விவரத்தையும் அவர் ஏடுதான் கொடுக்கிறது!

மறு ஆண்டே அவருக்கு உச்ச காலம். முசபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் பட்டம் கொடுத்தார். 1752-ல் சீனிவாச கவி அவரைப் புகழ்ந்து ஆனந்தரங்க விஜய சம்பு என்று வடமொழியில் ஒரு காவியமே பாடினார்.

கடைசிக் காலம்

1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1756-ல் ரங்கப்பிள்ளையின் பதவியும் போயிற்று. உடம்பில் நோய். ஆண் பிள்ளைகள் இருவரும் சிறு வயதிலேயே இறந்து விட்டார்கள். எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1760-ல் ஆங்கிலேயர் மறுபடி ஊரை வளைத்தார்கள். ஊருக்குள் பசி, பஞ்சம். அதையும் எழுதினார்.

1761 சனவரியில் எழுத்து நின்றது. ரங்கப்பிள்ளை கண்ணை மூடினார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

ஏடுகள் தப்பின. அவற்றில் சில பின்னால் காணாமலும் போயின. நல்ல வேளையாக அரியேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பிரதி எடுத்துப் பாரிசு நூலகத்தில் சேரும்படி செய்திருந்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழில் அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! அந்தக் காலத்தை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய ‘வானம் வசப்படும்’ நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

ரங்கப்பிள்ளை போன பிறகும் அந்தக் குடும்பத்தில் எழுதுகோல் ஓயவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை அதை எடுத்துக் கொண்டார். இடிந்த ஊரில் நடந்தவற்றை அவர் எழுதத் தொடங்கினார்.