நாற்றம் தாங்காத நாடாளுமன்றம்: லண்டனை மண்ணுக்கு அடியில் இருந்து காப்பாற்றிய பஸல்ஜெட்

1858-ம் ஆண்டு ஜூன் மாதம். லண்டனில் வழக்கத்துக்கு மாறான வெயில். தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினர்களால் உட்காரவே முடியவில்லை. வெயிலைவிட அவர்களைப் படுத்தியது நாற்றம். ஜன்னல் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலியே மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

வரலாற்றில் 'பெரும் நாற்றம்' என்று பெயர் எடுத்த கோடைக்காலம் அது. அந்த நேரத்தில் ஒரு பொறியாளரின் மேசையில் இதற்கான தீர்வு வரைபடமாகத் தயாராக இருந்தது. பணம் ஒதுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அந்தப் பொறியாளரின் பெயர் ஜோசப் பஸல்ஜெட்.

ஊர் பெருத்தது, சாக்கடை பெருக்கவில்லை

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1851-ல் அது 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெய்ஜிங்கைப் பின்னுக்குத் தள்ளி உலகின் மிகப் பெரிய நகரம் என்ற இடத்தையும் பிடித்திருந்தது. சரி, இத்தனை பேரின் கழிவு எங்கே போனது?

ஆரம்பத்தில் வீட்டுக்கு வீடு மலக்குழி. இரவில் ஆட்கள் வந்து அள்ளிப்போய் ஊருக்கு வெளியே வயல்களுக்கு உரமாக விற்பார்கள். ஊர் விரிய விரிய வயல்கள் தள்ளிப்போயின. அள்ளும் கூலியும் ஏறியது. இந்த நேரத்தில்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறை வீடுகளுக்குள் வந்தது. சுத்தத்துக்காக வந்த வசதிதான். ஆனால், அந்தத் தண்ணீர் மலக்குழிகளை நிரப்பி வழியவைத்தது. பிறகு வீட்டுக் கழிவுகளை, மழைநீருக்காகக் கட்டப்பட்டிருந்த பழைய சாக்கடைகளில் இணைக்கச் சொன்னார்கள். அந்தச் சாக்கடைகள் எல்லாம் நேராக தேம்ஸ் நதியில் போய் விழுந்தன.

இதில் கொடுமை என்னவென்றால், லண்டனில் ஏராளமானோர் குடித்ததும் அதே தேம்ஸ் தண்ணீரைத்தான். 1848-49-ல் வந்த காலராவில் மட்டும் லண்டனில் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1853-54-ல் மீண்டும் 10,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

உடைந்துபோன இளைஞர்

பஸல்ஜெட் 1819 மார்ச் 28-ல் லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. தாத்தா பிரான்ஸில் இருந்து வந்து குடியேறியவர். இளம் வயதில் அயர்லாந்தில் நிலத்தடி நீர் வடிகால் வேலைகளில் தொழில் கற்றார். பிறகு லண்டனில் சொந்தமாக அலுவலகம் போட்டார்.

அது ரயில் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். ஊருக்கு ஊர் ரயில் பாதைத் திட்டம், இரவு பகலாக வேலை. 30 வயதைத் தொடும் முன்பே பஸல்ஜெட்டின் உடலும் மனமும் உடைந்துபோயின. வேலையை விட்டுவிட்டுக் கிராமப்புறத்தில் நீண்ட ஓய்வு எடுக்க வேண்டிய நிலை. இன்றைக்கு 'பர்ன்அவுட்' என்கிறோமே, அதேதான்.

தேறி வந்தவர், 1849-ல் லண்டன் கழிவுநீர் ஆணையத்தில் உதவி அளவையாளர் வேலையில் சேர்ந்தார். அங்கே அவருடைய தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் ஃபார்ஸ்டர், வேலைச் சுமையும் இழுபறியும் தாங்காமல் 1852-ல் இறந்துபோனார். அந்த நாற்காலிதான் பஸல்ஜெட்டுக்கு வந்தது. 1856-ல் உருவான மாநகரப் பணிகள் வாரியத்திலும் அவரே தலைமைப் பொறியாளர்.

திட்டம் தீட்டுவதும், அதை அரசு திருப்பி அனுப்புவதுமாக இரண்டு ஆண்டுகள் ஓடின. கழிவை எந்த இடத்தில் நதியில் விடுவது, செலவை யார் ஏற்பது என்பதில்தான் சண்டை. சாதாரண மக்கள் காலராவில் செத்தபோது அசையாத கோப்பு, நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் ஓடத் தொடங்கியது. மசோதா தாக்கல் ஆன மூன்று வாரத்துக்குள், 1858 ஆகஸ்ட் 2-ல் சட்டமே வந்துவிட்டது.

அப்படி என்னதான் செய்தார்?

யோசனை எளிமையானது. பழைய சாக்கடைகள் வடக்கு, தெற்காக நதியை நோக்கி ஓடின. அவை நதியைத் தொடும் முன்பே குறுக்கே மறித்து, கழிவை மேற்கில் இருந்து கிழக்காகக் கொண்டுபோகும் பெரிய சுரங்கங்களைக் கட்டினார் பஸல்ஜெட். பெரும்பாலும் சரிவிலேயே கழிவு தானாக ஓடும். பள்ளமான இடங்களில் மட்டும் நீராவி இயந்திரங்கள் அதை மேலே ஏற்றிவிடும். கடைசியில் ஊருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் ஆகிய இடங்களில் தேக்கிவைத்து, கடல்நீர் பின்வாங்கும் நேரமாகப் பார்த்துத் திறந்துவிடுவார்கள்.

முக்கியச் சுரங்கங்களின் நீளம் 132 கிலோமீட்டர். அவற்றோடு தெருச் சாக்கடைகள் 1,800 கிலோமீட்டர். செங்கல் மட்டும் சுமார் 31.8 கோடி. அப்போது புதுசாக இருந்த போர்ட்லேண்ட் சிமெண்ட்டைத் துணிந்து பயன்படுத்தினார். அதே சமயம், வரும் சிமெண்ட்டைக் கறாராகச் சோதித்த பிறகே கட்ட அனுமதித்தார். அன்று இருந்த மக்கள்தொகையோடு நிற்காமல், இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சுரங்கத்தின் அளவைக் கணக்கிட்டார்.

நதிக்கரையில் விக்டோரியா, ஆல்பர்ட், செல்சி கரைகளைக் கட்டியவரும் அவரே. விக்டோரியா கரைக்கு உள்ளே கழிவுநீர்ச் சுரங்கமும் சுரங்க ரயிலும் போகின்றன. மேலே சாலையும் பூங்காவும்.

தவறான காரணம், சரியான தீர்வு

கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. பஸல்ஜெட்டும் அப்படித்தான் நம்பினார். அது தண்ணீரில் பரவுகிறது என்று சொன்ன டாக்டர் ஜான் ஸ்னோவை மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் இறந்ததும் அதே 1858 ஜூனில்தான். நாற்றத்தை ஒழிக்கக் கட்டிய சுரங்கம், யாரும் எதிர்பார்க்காத வகையில், குடிநீரில் கழிவு கலப்பதைத் தடுத்தது.

இதற்குச் சாட்சி 1866. லண்டனில் மறுபடி காலரா வந்தது. 5,500 பேருக்கு மேல் பலி. ஆனால், இறந்தவர்களில் பெரும்பாலானோர் கிழக்கு லண்டன்வாசிகள். பஸல்ஜெட்டின் இணைப்பு இன்னும் முடியாத பகுதி அது. அதுவே லண்டனின் கடைசிப் பெரிய காலரா. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் காலரா 8,000 பேருக்கு மேல் கொன்றபோது லண்டன் தப்பித்தது.

ஊருக்கு வெளியே தள்ளினால் போதுமா?

இந்தக் கதையில் ஒரு கறையும் உண்டு. கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு திட்டத்தில் இல்லை. லண்டனின் நாற்றம் நதியின் கீழ்ப்பகுதிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 1878 செப்டம்பர் 3-ல் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு, கழிவு திறந்துவிடப்படும் இடத்துக்கு அருகே ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி மூழ்கியது. சற்று முன்புதான் அங்கே கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. அந்தச் சாக்கடை நீரில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகு எழுந்த எதிர்ப்பால் கழிவில் இருந்து திடப்பொருளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். 1887 முதல் அதைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்தப் பழக்கம் நிற்க 1998 ஆனது.

'சர்' பட்டம் பெற்ற பஸல்ஜெட், 1889-ல் ஓய்வு பெற்றார். 1891 மார்ச் 15-ல் விம்பிள்டனில் காலமானார். 1901-ல் லண்டனின் மக்கள்தொகை 65 லட்சத்தை எட்டியது.

அவரது சுரங்கங்கள் இன்றும் வேலை செய்கின்றன. ஆனால், 90 லட்சம் பேரை நெருங்கிவிட்ட நகரத்துக்கு அவை போதவில்லை. கொஞ்சம் மழை பெய்தாலே மழைநீரும் கழிவும் சேர்ந்து தேம்ஸில் வழிந்தன. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கம் தோண்டி, 2025-ல் முழுமையாக இணைத்திருக்கிறார்கள். பஸல்ஜெட் தன் காலத்து மக்களுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால், இந்த வேலையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்ய வேண்டி வந்திருக்கும்.

உலக மக்களில் பாதிக்கு மேல் இப்போது நகரங்களில்தான் வாழ்கிறார்கள். டாக்கா, ஜகார்த்தா, டெல்லி எல்லாம் அன்றைய லண்டனைவிடப் பல மடங்கு பெரியவை. மெட்ரோ, மேம்பாலம் என்றால் திறப்புவிழா உண்டு, படம் எடுப்பார்கள். மண்ணுக்கு அடியில் போகும் குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விக்டோரியா கரையில் பஸல்ஜெட்டுக்கும் ஒரு சிறிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைக் கடந்து தினமும் நடக்கிறவர்களின் காலுக்குக் கீழேதான் அவர் கட்டிய சுரங்கம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.