புகையை வேலை வாங்கிய பூகி

நஞ்சன்கூடு: மைசூரிலிருந்து கபிலா ஆற்றைத் தாண்டி, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளை இந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். பழைய லாரிகள் மலை ஏறும்போது திணறும், கரும்புகை கக்கும். அது டிரைவரின் குற்றமல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில், கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று போதாவிட்டால் டீசல் முழுவதும் எரியாது. எரியாததுதான் கரியாக வெளியே வருகிறது.

இன்றைய லாரிகளில் இந்தத் திணறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. டர்போ என்று டிரைவர்கள் அழைக்கும் சிறிய சாதனமே காரணம். அதற்கு வழி கண்டவர் ஆல்பிரட் பூகி என்ற சுவிஸ் நாட்டு இன்ஜினீயர்.

பூகி 1879 ஜூலை 11-ந் தேதி வின்டர்தூர் நகரில் பிறந்தார். அந்த நகரம் நமக்கு அன்னியமானதல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறிய பழைய 'எக்ஸ்' வகை நீராவி என்ஜின்கள் அங்கே செய்யப்பட்டவைதான். பூகியின் தந்தை அதே ஊரில் சுல்சர் கம்பெனியில் உயர் பதவி வகித்தார். பிற்காலத்தில் நூற்பாலை, நெசவாலைக்காரர்களிடையே தறிக்குப் பெயர் வாங்கிய அதே சுல்சர்தான். பூகி பிறந்த 1879-ம் ஆண்டில் அங்கே பயிற்சி பெற்ற ஒரு மாணவரின் பெயர் ருடால்ப் டீசல்! பின்னாளில் டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் அவரே.

ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1903-ல் பட்டம் பெற்ற பூகி, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். என்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகப் போவது அவர் மனத்தை உறுத்தியது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணித்தால்? காற்று கூடினால் எண்ணெயைக் கூட்டலாம். என்ஜினைப் பெரிதாக்காமலே சக்தியைப் பெருக்கலாம். 1905 நவம்பர் 16-ந் தேதி ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அப்போது வயது 26.

யோசனை பிறந்தது, வேலை செய்யும் சாதனம் பிறக்க இருபது ஆண்டு ஆயிற்று. சுல்சரில் சேர்ந்து சோதனை மேல் சோதனை நடத்தினார். கொதிக்கும் புகையை நெடுநேரம் தாங்கும் உலோகம் அன்று இல்லை. காற்றை அழுத்தும் சக்கரமும் போதிய திறமையுடன் வேலை செய்யவில்லை. எந்த முதலாளிக்குத்தான் பொறுமை இருக்கும்? பூகி மட்டும் விடவில்லை.

1925-ல் விடை கிடைத்தது. எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரே பெரிய குழாயில் கொட்டுவதை விட்டு, சில சிலிண்டர்களுக்கு ஒன்றாகக் குறுகிய குழாய்களைத் தனித்தனியே அமைத்தார். புகை விட்டுவிட்டு வேகமாக வந்து சக்கரத்தை மோதியது. உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருக்கச் செய்தார். புதுக்காற்று பழைய புகையைத் துரத்தியதுடன் வால்வையும் குளிர வைத்தது.

'பிராய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களின் பத்து சிலிண்டர் என்ஜின்களில் இது பொருத்தப்பட்டது. 1,750 குதிரை சக்தி 2,500 ஆக உயர்ந்தது. பிறகு பெரிய கம்பெனிகள் பூகியுடன் கூட்டுச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, ஊட்டி ரயில் என்ஜின்களைச் செய்த அதே வின்டர்தூர் ரயில் என்ஜின் தொழிற்சாலை. கப்பலிலிருந்து ரயிலுக்கும் லாரிக்கும் டர்போ வந்தது. தென்னாட்டு மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் என்ஜினிலும் டர்போ உண்டு.

1959 அக்டோபர் 27-ல், பிறந்த ஊரிலேயே பூகி காலமானார். டர்போ பொருத்திய கார் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1962-ல்தான் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் 'ஜெட்பயர்' கார் வந்தது. பெட்ரோல் என்ஜினில் ஒரு வில்லங்கம் உண்டு. அழுத்திய காற்று சூடேறுவதால் பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைக்கும். டீசல் என்ஜின் காற்றை மட்டுமே அழுத்துவதால் அதற்கு இந்த அபாயம் இல்லை. ஜெட்பயரில் இதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைச் சிறு தொட்டியில் வைத்து உள்ளே தெளித்தார்கள். கார் வாங்கியவர்கள் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் காரின் உற்பத்தி நின்றது. விற்ற கார்கள் பலவற்றில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.

சாதாரண பெட்ரோல் காரில் டர்போ மாட்ட விரும்பும் மெக்கானிக்குகள் இன்றும் முதலில் பார்ப்பது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதைத்தான். அது அதிகமானால் பிஸ்டனை மாற்றுவார்கள், அல்லது டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். டர்போ தண்டுக்கு எண்ணெய் போகத் தனிக் குழாயும், உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்க ஒரு ரேடியேட்டரும் வேண்டும்.