குடியாத்தம் போன முதலமைச்சர்



இந்த வருஷம் எனக்குப் பதினெட்டு வயசு முடிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது. வருகிற தேர்தலில் போடப் போவதுதான் என் முதல் ஓட்டு. அந்தச் சந்தோஷத்தில் பெருந்தலைவர் காமராஜரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை, பிறகு சுதந்திரப் போராட்டம், பல ஆண்டு ஜெயில். இதெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நான் சொல்ல வந்தது அவர் ஓட்டுக் கேட்டுப் போன கதை.

1954 ஏப்ரல் 13-ல் அவர் முதலமைச்சர் ஆனார். ஆனால் சட்டமன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஆறு மாசத்துக்குள் உறுப்பினர் ஆகியே தீரவேண்டும். மேலவை வழியாக நோகாமல் உள்ளே போயிருக்கலாம். அவருக்கு முன்பிருந்த ராஜாஜி அப்படித்தான் போனார். காமராஜரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். அது அவர் சொந்த ஊர் இல்லை, சொந்த ஜில்லாகூட இல்லை. வடஆற்காட்டில் தறிச் சத்தம் கேட்கிற நெசவாளர் ஊர். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர்.

அதற்கு முந்தைய வருஷம், பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்கிற தொழில் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. காமராஜர் ஆட்சிக்கு வந்த கையோடு அது கைவிடப்பட்டது. நெசவாளி பிள்ளை நெசவாளியாகத்தான் ஆகணும் என்று இல்லை! அந்தக் காரியத்தைச் செய்துவிட்டுத்தான் ஓட்டுக் கேட்டார். வாக்குறுதியை வாரி இறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பெரியாரும் அண்ணாவும் ஆதரித்தார்கள். ஜெயித்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டத்தையும் கொண்டுவந்தார்.

அதே மனிதரை 1967-ல் சொந்த ஊர் விருதுநகரே தோற்கடித்தது. அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஜெயித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். வித்தியாசம் 1285 ஓட்டு. காமராஜர் மக்களைக் குறை சொல்லவில்லை. 1969-ல் நாகர்கோவிலுக்குப் போய் மறுபடியும் மக்களிடமே ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார்.

தோழர்களே, எங்க வீட்டு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறார். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு தேர்தல் வந்தது. ராத்திரி யாரோ வந்து ஓட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் அப்பா எனக்கு டிராஃப்டர் வாங்கித் தந்தார். இன்றைக்கும் அதை வைத்துத்தான் கோடு போடுகிறேன். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரை நாள் படிப்பு போதும் என்று விட்டிருந்தால் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் டிராயிங் ஹாலுக்கே வந்திருப்போமா?

என் ஓட்டுக்கு யார் காசு கொடுத்தாலும் வாங்காதீங்க என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பதில் பேசவில்லை. அப்பாவிடம் இனிமேல்தான் சொல்லணும்.

அந்தக் காலத்தில் ஓட்டுப் போட 21 வயசு ஆகணும். 1989 முதல் பதினெட்டே போதும். முதலமைச்சரே நம்மிடம் வந்து கேட்க வேண்டிய பொருள் அது. மலிவாக விற்றுவிடாதீர்கள் தோழர்களே!