அறிஞர் ஹோமி பாபாவும் என் தாத்தாவின் இதயமும்

பள்ளியில் படித்த காலத்தில் ஹோமி பாபாவைப் பற்றி ஒரு பக்கப் பாடம் இருந்தது. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் மனப்பாடம் செய்தேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்தும் போனேன். அந்தப் பெரியவரை மறுபடியும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர், ஆரணியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டுத் தறியில் உட்கார்ந்த என் தாத்தா.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தாத்தாவுக்கு நெஞ்சில் ஓர் அழுத்தம் கண்டது. சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தறிக் குழியிலேயே தேய்ந்துபோன அவருடைய முழங்கால்கள் ஓடும் பட்டையில் நடக்க இடம் கொடுக்கவில்லை. அதனால் இதயத்தின் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் மருந்தை ஏற்றி, கதிரியக்கம் உள்ள டெக்னீஷியம் கலந்த ஊசி போட்டார்கள். பிறகு ஒரு பெரிய காமிரா அவருடைய மார்பைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. அது திரட்டிய கதிர்களைக் கணிப்பொறி கணக்கிட்டு, இதயத்தை வாழைத்தண்டு நறுக்கியதுபோல் வில்லை வில்லையாக வண்ணத்தில் காட்டியது. கீழ்ச் சுவரில் ஓரிடம் மங்கியிருந்தது. அங்கே இரத்தம் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது, ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டிவரும் என்றார்கள். அம்மா தம் கை வளையல்களைப் பார்த்துக்கொண்டார். அடகுக் கடைக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

மாலையில் மூத்த மருத்துவர் ஒருவர் வந்து படத்தைப் பார்த்தார். தாத்தாவைக் குப்புறப் படுக்க வைத்து மீண்டும் ஒருமுறை எடுக்கச் சொன்னார். மருந்து உடலில் இன்னும் இருந்ததால் மறு ஊசி தேவைப்படவில்லை. என்ன வியப்பு! அந்த மங்கல் மறைந்துவிட்டது. இதயத்திற்குக் கீழே இருக்கும் உதரவிதானம் கதிர்களில் ஒரு பகுதியை விழுங்கியிருக்கிறது. குப்புறப் படுத்தபோது அது விலகி வழிவிட்டது. இதயத்தில் குறை இல்லை; நிழல்தான் குறையாகத் தெரிந்திருக்கிறது.

அந்த இடத்தை மங்கலாகத் தீட்டியது மனிதக் கையன்று, மென்பொருள். கதிர் குறைவாக வந்தது என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஏன் குறைந்தது என்று தெரியாது. இப்படிப்பட்ட மென்பொருளை மருத்துவமனைக்குள் விடுவதற்கு முன் யார் சோதிக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் போனேன். அவர் நேராக விடை சொல்லவில்லை. முதலில் பாபாவின் வாழ்க்கையைப் படித்து வா, பாதி விடை அதில் கிடைக்கும் என்று அனுப்பிவிட்டார். நான் படித்தறிந்ததை இங்கே என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இளமையும் கல்வியும்

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் செல்வம் மிக்க பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். அத்தையின் கணவர் தோராப்ஜி டாட்டா. மகன் பொறியியல் படித்து ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். 1927இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற மகனுக்கோ இயற்பியலின் மேல் தீராத காதல். தந்தைக்குக் கடிதம் எழுதினார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் பிறகு விரும்பியதைப் படிக்கலாம் என்று தந்தை இணங்கினார். 1930இல் முதல் வகுப்பில் தேறினார். 1932இல் கணிதத்திலும் தேறினார். பெற்றோர் சொல்லையும் தட்டவில்லை. தம் வழியையும் விடவில்லை. இது நம்மில் பலர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமன்றோ!

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டுக் காட்டிய முறைக்கு இன்றும் பாபா சிதறல் என்றே பெயர். 1937இல் ஹைட்லர் என்னும் அறிஞரோடு சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி மழைபோல் பெருகுவது எப்படி என்று விளக்கினார்.

தாயகம் தடுத்துக்கொண்டது

1939இல் விடுமுறைக்கு ஊர் வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சர் சி. வி. இராமன் தலைமை வகித்த இயற்பியல் துறையில் பணியேற்றார். 31 வயதில், 1941இல், இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். போர் முடிந்தும் அவர் அயல்நாடு திரும்பவில்லை.

1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது இந்தியா வல்லுநர்களுக்காக வெளிநாட்டை எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும், அதற்கு இப்போதே ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது! அந்தக் கடிதத்தின் பயனாக 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அந்த நிலையத்து விஞ்ஞானிகள் நமக்கு மேற்கே உள்ள கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1951 முதல் காஸ்மிக் கதிர்களை அளந்தார்கள் என்பதை அறிந்தபோது, பாபா எனக்கு இன்னும் நெருக்கமானார்.

அப்சரா

1948இல் அணுசக்திக் குழு அமைந்தது. பாபா அதன் தலைவர். 1954இல் அணுசக்தித் துறை தோன்றியது. பாபா அதன் செயலாளர். பம்பாயை அடுத்த டிராம்பேயில் அணுசக்தி நிலையம் எழுந்தது. அதற்கும் அவரே இயக்குநர். 1955இல் ஜெனீவாவில் அணுவை ஆக்கத்திற்குப் பயன்படுத்துவது பற்றி ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய முதல் மாநாட்டுக்கும் அவரே தலைமை வகித்தார். 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை வடிவமைத்துக் கட்டியவர்கள் நம்மவர்கள். சோவியத் ஒன்றியத்தை நீக்கிப் பார்த்தால் ஆசியாவின் முதல் உலை அதுவே.

உலை என்றதும் குண்டும் மின்சாரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மருந்தும் அங்கிருந்து பிறக்கிறது. உலையில் கிடைக்கும் மாலிப்டினம்-99 என்னும் தனிமம் சிதைந்து டெக்னீஷியம்-99எம் ஆகிறது. முன்னதன் அரை ஆயுள் சுமார் 66 மணி. பின்னதற்கு 6 மணிதான். ஆகவே மாலிப்டினத்தை ஒரு சிறு கலத்தில் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே உப்பு நீரைச் செலுத்தி, மாட்டைக் கறப்பதுபோல் நாள்தோறும் டெக்னீஷியத்தைக் கறந்துகொள்கிறார்கள். 1963இல் பம்பாய் பரேலில் கதிர் மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய அணு மருத்துவத்தின் முன்னோடி அது. என் தாத்தாவின் கையில் ஏறிய ஊசிக்கும் பாபாவின் கனவுக்கும் உள்ள உறவு இப்போது விளங்குகிறதல்லவா?

அட்டையும் கணிப்பொறியும்

பாபாவின் நிலையத்தில் இன்னொரு விதையும் முளைத்தது. டிஃப்ராக் என்னும் கணிப்பொறியை நம் நாட்டு இளைஞர்களே அங்கு உருவாக்கினார்கள். 1960இல் அது முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1964இல் சி.டி.சி. 3600 என்னும் பெரிய கணிப்பொறி அங்கே வந்தது. அதற்கு ஆணைகளை எழுதியவர்கள் துளையிட்ட அட்டைகளில் எழுதிக் கொடுத்தார்கள்.

துளையிட்ட அட்டை என்று படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுத் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டியில் வரிசையாகக் கோத்துத் தொங்குவதும் துளையிட்ட அட்டைதானே! எந்த இழை எழ வேண்டும், எது படிய வேண்டும் என்பதை அந்தத் துளைகளே சொல்கின்றன. நெய்பவர் கை தவறினால் ஓரிடத்தில் மட்டும் பழுது விழும். அட்டையில் ஒரு துளை தவறினாலோ, அந்தப் பூ வரும் இடமெல்லாம் அதே பழுது திரும்பத் திரும்ப வரும். அதே அட்டையை நகலெடுத்த ஒவ்வொரு தறியிலும் வரும். மென்பொருளின் பிழையும் அப்படிப்பட்டதே. ஒரு மருத்துவர் தவறினால் ஒரு நோயாளிக்குத் தீங்கு. மென்பொருள் தவறினால், அது நிறுவப்பட்ட மருத்துவமனைகளில் எல்லாம் அதே தவறு, அதே அழகான வண்ணத்தில்!

செய்பவரும் சோதிப்பவரும்

பேராசிரியர் சொன்ன பாதி விடையை இங்கேதான் கண்டேன். பாபா கதிரியக்கப் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர் அல்லர். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது பணியாளருக்கோ பிறருக்கோ தீங்கு வரக்கூடாது, நாட்டில் மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றும்படி நம் நிலையம் நடக்க வேண்டும் என்று 1960இலேயே அவர் ஆணை பிறப்பித்தார். ஆனால் குழுவின் தலைவரும் அவரே, துறையின் செயலாளரும் அவரே, நிலையத்தின் இயக்குநரும் அவரே. கட்டிய கையே காவலும் காத்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று ஓர் அமைப்பு ஏற்பட்டது 1983 நவம்பரில். அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு.

பெரியவரைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருவர் கட்டத் தொடங்கும்போது எல்லாப் பொறுப்பும் அவர் தலையில் விழுவது இயல்பு. ஆனால் கட்டி முடித்தபின் சோதிக்கும் கை வேறாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுப் புடவையை விரித்து, ஜரிகையையும் கரையையும் முந்தியையும் பார்ப்பவர் அதை நெய்தவர் அல்லர். நெய்தவர் நேர்மையில் ஐயம் இருந்தா அப்படி வைத்தார்கள்? தன் பழுது தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் வைத்தார்கள்.

மீதிப் பாதி விடையைப் பேராசிரியரே சொன்னார். ஸ்கேன் அறையின் கதிரியக்கப் பாதுகாப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பு. படத்தை ஆக்கும் மென்பொருளோ மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வருகிறது. 2017இல் மருத்துவக் கருவிகள் விதிகள் இயற்றப்பட்டு 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நோயறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவி என்றே சட்டத்தில் கொள்ளப்பட்டது. ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். அமெரிக்காவில் இத்தகைய மென்பொருள் பெரும்பாலும், முன்பே அனுமதி பெற்ற ஒன்றோடு ஒப்பிட்டு, அதற்கு இணையானதா என்று பார்க்கப்பட்டே சந்தைக்கு வருகிறது.

சோதிப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எந்தப் பயனுக்காக இந்த மென்பொருள் என்பதைத் தயாரித்தவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு பிளாஸ்டிக் மாதிரி இதயத்தில் கதிரியக்க நீரை நிரப்பிப் படமெடுத்து, அந்தக் குறையைச் சரியாகக் காட்டுகிறதா என்று நிறுவ வேண்டும். உண்மை நோயாளிகளின் ஆஞ்சியோகிராம் முடிவோடு ஒப்பிட வேண்டும். ஒரு வரியைத் திருத்தினாலும் பதிவு செய்து, தேவையானவற்றை மறுபடி சோதிக்க வேண்டும்.

இவற்றுள் என் மனத்தைத் தைத்தது இன்னொன்று. இந்த மென்பொருள் நோயாளியின் படத்தை, நலமானவர்களின் படத் தொகுப்போடு ஒப்பிட்டே குறையைச் சொல்கிறது. அந்த நலமானவர்கள் யார்? எந்த நாட்டவர்? ஆணா, பெண்ணா? உடல் கட்டு எப்படி? வேறொரு நாட்டுப் பருத்த உடல்களை அளவுகோலாக்கி, தறியில் குனிந்து மெலிந்த ஆரணிக்காரரின் மார்பை அளந்தால் அளவு பொருந்துமா? அனுமதி கொடுக்கும் மேசையில் கேட்க வேண்டிய கேள்வி இது. அங்கே கேட்காமல் விட்டால், நோயாளியின் கட்டிலருகே அதைக் கேட்க ஒரு மூத்த மருத்துவர் வேண்டும். எங்களுக்கு அவர் கிடைத்தார். எல்லோருக்கும் கிடைப்பாரா?

மறைவு

பாபா ஓவியம் தீட்டினார். மேலைநாட்டு இசையில் தோய்ந்தார். தம் நிலையங்களில் மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1966 ஜனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்திற்காக அவர் சென்ற ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 56. அடுத்த ஆண்டு டிராம்பே நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் எழுப்பிய அப்சரா 2009இல் ஓய்வு பெற்றது. 2018இல் அதே வளாகத்தில் மேம்படுத்தப்பட்ட அப்சரா இயங்கத் தொடங்கியது. மருத்துவ ஐசோடோப்புகளை ஆக்குவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

நண்பர்களே! பாபாவைப் போல் ஆக்குபவர்கள் நம் நாட்டுக்கு வேண்டும், ஐயமில்லை. ஆக்கியதை விரித்துப் பார்த்துப் பழுது சொல்லும் படித்த கண்களும் அதே அளவுக்கு வேண்டும். அந்தப் பணிக்கு விருதில்லை, சிலையில்லை. நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் இயற்பியலும் கணிதமும் புள்ளியியலும் படித்து அந்த மேசையில் போய் உட்கார்ந்தால் என்ன? இந்த எண்ணத்தை எனக்குத் தந்தது பாபாவின் வாழ்க்கை.

இந்தக் கதை முழுவதையும் தாத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டை குத்துகிறவன் ஒருத்தன், அதை எண்ணிப் பார்க்கிறவன் ஒருத்தன் என்பது தறி போட்ட எல்லோருக்கும் தெரிந்ததுதானே கண்ணு என்று சொல்லிவிட்டு, தார்க் குச்சியை எடுத்து நாடாவில் பொருத்தத் தொடங்கினார்.